ஒன்பதாம் எண் தீப்பெட்டி

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, ஒரு கால் போன தொட்டில், வாரப் பத்திரிகைக் கட்டுகள் இவற்றுக்கெல்லாம் அடியில் இரண்டடி நீளப் பலகை ஒன்று அகப்பட்டது. அதில் பத்துப் பெரிய தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை எண் எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். பக்கத்திலேயே எண் எழுதாத இன்னொரு பெட்டி, தனியாக.

"இந்தக் கல்லையெல்லாம் இன்னும் எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? தூக்கிப் போட்டா கொஞ்சம் இடமாச்சும் மிச்சமாகும்" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. ஆனால் எடுத்ததைக் கீழே போட மனம் வரவில்லை. அன்று மத்தியானம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அறிவியல் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தது 1974-ல், சேலத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில். கனிமங்களின் கடினத்தன்மை பற்றிப் பாடம் வரும். கரும்பலகையில் பத்துப் பெயர் எழுதுவேன். டால்க், ஜிப்சம், கால்சைட், ஃப்ளூரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ், டோபாஸ், கொரண்டம், வைரம். பிள்ளைகள் மந்திரம் போல ஒப்பிப்பார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குவார்கள். ஒப்பித்தவர்களில் ஒருவரும் அந்தப் பத்தில் ஒன்றையாவது இன்னதென்று அறிந்து தொட்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் தொட்டதில்லை. வைரத்தை மட்டும் ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் மூக்குத்தியாகப் பார்த்திருந்தேன்.

இந்தப் பட்டியலே தொட்டுப் பார்ப்பதற்காக உண்டானது என்று பின்னால்தான் தெரிந்தது. மாவட்ட மைய நூலகத்தில் கிடைத்தது கொஞ்சம், ரிடையர் ஆன பிறகு இணையத்தில் தேடிப் படித்தது மிச்சம். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் பிரைபெர்க் என்று ஓர் ஊர். வெள்ளிச் சுரங்கத்துக்குப் பேர் போனது. 1765-ல் அங்கே ஒரு சுரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பத்து வருஷம் கழித்து 1775-ல் அங்கே ஆசிரியராக வந்தவர் ஆபிரகாம் வெர்னர். வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ. அதற்கு முந்தின வருஷமே, கனிமங்களை வெளி அடையாளங்களைக் கொண்டு எப்படி இனம் காண்பது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். அதன் சாரம் இதுதான். நிறத்தைப் பார், பளபளப்பைப் பார், கையில் தூக்கிக் கனத்தைப் பார், தடவிப் பார், மோந்து பார், நாக்கில் வைத்துப் பார், தொட்டால் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று பார்.

ரசாயனக் கூடம் வேண்டாம், அமிலம் வேண்டாம். சுரங்கத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவனுக்கு அவனுடைய ஐந்து புலன்தானே துணை?

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. ஸ்படிக மாலை வாங்கினால் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "சில்லுன்னு இருந்தா அசல், இல்லேன்னா கண்ணாடி" என்பாள். வெர்னர் பேர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது சரி. படிகக்கல் கண்ணாடியைவிட வேகமாகக் கையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தச் சில்லிப்பு.

நிறங்களுக்கும் வெர்னர் ஒரு பட்டியல் போட்டார். வெறும் பச்சை, மஞ்சள் என்று சொன்னால் போதாது என்று ஒவ்வொரு சாயலுக்கும் தனிப் பெயர். நம் பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. இந்தப் பட்டியலை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் சைம் என்ற ஓவியர் 1814-ல் விரித்துப் புத்தகமாக்கினார். டார்வின் பீகிள் கப்பலில் உலகம் சுற்றியபோது இந்தப் புத்தகம் அவர் கையில் இருந்தது.

வெர்னர் எழுதியது குறைவு, பேசியது அதிகம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் அவரிடம் படிக்க வந்தார்கள். அலெக்சாண்டர் ஹம்போல்ட் அங்கே படித்தவர், லியோபோல்ட் வான் பூக் படித்தவர். கவிஞர் நோவாலிஸ்கூட அங்கே மாணவர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அந்த மனுஷர், பாறைகள் எப்படி உண்டாயின என்று சொன்ன விஷயத்தில் தப்பு. கிரானைட், பசால்ட் எல்லாம் ஆதிக் கடல் நீரிலிருந்து படிந்து உண்டானவை என்று உறுதியாக நம்பினார். அவருடைய சீடர்களே பிற்பாடு எரிமலைப் பிரதேசங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பசால்ட் விஷயத்தில் குருநாதர் சொன்னது சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். வான் பூக் பிரான்சின் ஓவெர்ன் மலைகளைப் பார்த்துவிட்டு மனம் மாறினார். உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் இந்த ஆபத்து உண்டு. பிள்ளைகள் உற்றுப் பார்த்துவிடுவார்கள்.

அதே காலத்தில் பாரிஸில் இன்னொரு வாத்தியார். பெயர் ரெனே ஜூஸ்ட் அயூய். 1743-ல் பிறந்தவர். அப்பா ஏழை நெசவாளி. (சேலத்துக்காரர்களுக்கு இந்த விவரம் பிடிக்கும் என்று சேர்த்தேன்.) மடத்துப் பாதிரிமார்களின் உதவியால் படித்து, தானும் பாதிரியாகி, ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முதலில் செடிகொடிகளில்தான் ஆசை. பிறகு கல் பக்கம் திரும்பினார்.

அவர் கதையை அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு விபத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் கால்சைட் படிகம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஆறு பட்டைத் தூண் மாதிரி இருந்த கல். உடைந்த துண்டுகளைப் பொறுக்கப் போனவர் பார்த்தார். துண்டு ஒவ்வொன்றும் சாய்ந்த சதுரப் பெட்டி போல ஒரே வடிவம். சின்னத் துண்டும் அதே வடிவம், பெரிய துண்டும் அதே வடிவம். வீட்டுக்கு ஓடினார். தன்னிடம் இருந்த வேறு வேறு வடிவக் கால்சைட் கற்களைச் சுத்தியலால் தட்டினார். எல்லாம் உள்ளே அதே சாய்ந்த பெட்டி!

வெளி வடிவம் எதுவானாலும் உள்ளே ஒரே செங்கல், அந்தச் செங்கலை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் வடிவம் மாறுகிறது என்று அவர் சொன்னார். அந்த நாளில் படிக ஆராய்ச்சியில் பெரிய பெயர் ரோமே தெலில். அவர் படிகங்களின் முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறுவதில்லை என்று நிறுவியவர். படிகங்களுக்குச் சுட்ட மண்ணில் மாதிரிகள் செய்து வைத்திருந்தார். அந்த மாதிரிகளைச் செய்த உதவியாளர் காராஞ்சோ, கோணத்தைச் சரியாக அளப்பதற்காகவே ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். இரண்டு கை உள்ள ஒரு பாகைமானிதான் அது. இப்படிப் பொன்போலக் கல்லைக் காத்தவருக்கு, கல்லை உடைக்கிற பாதிரியைப் பிடிக்குமா? "படிகம் உடைக்கிறவர்" என்று அயூயைக் கேலி செய்தார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1792 ஆகஸ்டில், புது அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத பாதிரிமார்களைப் பிடித்து அடைத்தார்கள். அயூயும் மாட்டினார். சிறையிலும் அவர் தன் படிகங்களைப் பற்றியே கவலைப்பட்டார் என்று சொல்வார்கள். அவரிடம் படித்த இருபது வயது இளைஞர் ஒருவர், ழோப்ருவா சேன்ட் இலேர், பிற்காலத்தில் பெரிய விலங்கியல் அறிஞர் ஆனவர், அங்கேயும் இங்கேயும் அலைந்து விடுதலை உத்தரவு வாங்கி வந்து வாத்தியாரை வெளியே கொண்டுவந்தார். சில நாட்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அந்தச் சிறையில் இருந்த பாதிரிமார்கள் பலரைக் கூட்டம் புகுந்து வெட்டிக் கொன்றது. ஒரு மாணவன் தன் ஆசிரியருக்குச் செய்ததில் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அயூய் உயிரோடு இருந்ததால் 1801-ல் அவருடைய பெரிய கனிமவியல் நூல் வெளிவந்தது. அத்துடன் பேரிக்காய் மரத்தில் செதுக்கிய படிக மாதிரிகளும் வந்தன. உள்ளங்கையில் அடங்குகிற மரத்துண்டுகள். நெதர்லாந்தில் ஹார்லெம் ஊரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகம் அந்தக் காலத்திலேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளை வாங்கியது. இன்றும் அங்கே இருக்கின்றன. அசல் படிகம் பெரும்பாலும் குறையுள்ளதாகத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் உடைந்திருக்கும், ஒரு பக்கம் பாறையில் புதைந்திருக்கும். மர மாதிரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எத்தனை முகம், எந்தப் பக்கம் சமச்சீர் என்று விரல் சொல்லிவிடும்.

விரல் என்று சொன்னேன் அல்லவா. அயூய்க்கு ஒரு தம்பி இருந்தார், வாலன்டின். பாரிஸில் பார்வையற்ற குழந்தைகளுக்காக 1785-ல் பள்ளி தொடங்கியவர் அவர்தான். மேடான எழுத்துகளை அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கவைத்தார். அந்தப் பள்ளியில் 1819-ல் சேர்ந்த பத்து வயதுப் பையன்தான் லூயி பிரெய்ல். ஒரு நெசவாளி வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். அண்ணன் கல்லை விரலால் படிக்க வைத்தார், தம்பி எழுத்தை விரலால் படிக்க வைத்தார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

பிறகு இது வியாபாரமாகவும் ஆனது. பிரைபெர்க்கில் படித்த கிரான்ட்ஸ் என்பவர் 1833-ல் ஒரு கடை தொடங்கி, பின்னால் பான் நகருக்குப் போய், மரப் படிகங்களையும் கல் மாதிரிப் பெட்டிகளையும் உலகத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் விற்றார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

இனிப் பத்துப் பெயர்க்காரர். பிரெடரிக் மோஸ். 1773-ல் பிறந்தவர், பிரைபெர்க்கில் வெர்னரின் மாணவர். சுரங்கத்தில் மேஸ்திரி வேலையும் பார்த்திருக்கிறார். 1802-ல் வியன்னாவில் ஒரு பணக்காரர் தன் வீட்டுக் கற்களையெல்லாம் இனம் பிரித்து அட்டவணை போட்டுத் தரச் சொல்லி அழைத்தார். 1812-ல் கிராட்ஸ் நகரில் புதிதாகத் தொடங்கிய அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே இருந்தபோதுதான் இந்த அளவுகோல் உருவானது. வெர்னர் இறந்த பிறகு 1818-ல் குருவின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்.

அளவுகோல் என்றால் ஏதோ கருவி என்று நினைக்க வேண்டாம். எது எதைக் கீறுகிறது, அவ்வளவுதான். ஏழாம் நம்பர் ஆறாம் நம்பரைக் கீறும், எட்டாம் நம்பர் ஏழைக் கீறும். இந்த எண்கள் வரிசைதானே தவிர அளவு அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே இருக்கிற தூரம், ஒன்று முதல் ஒன்பது வரை இருக்கிற தூரத்தைவிடப் பெரியது. வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவனுக்கும் இரண்டாம் ரேங்குக்கும் ஒரு மார்க்கும் இருக்கலாம், நூறு மார்க்கும் இருக்கலாம் இல்லையா, அது மாதிரி. கல்லோடு நம் கையில் இருக்கிற சாமான்களையும் சேர்த்துக்கொள்ளலாம். விரல் நகம் இரண்டரை. செப்புக் காசு மூன்றுக்குச் சற்று மேல். ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. இரும்பு அரம் ஆறரை.

நான் தீப்பெட்டிப் பலகை செய்ய உட்கார்ந்தபோதுதான் இந்தப் பத்தில் எத்தனை நம் வீட்டிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. ஒன்று, டால்க். மாக்கல்லின் மென்மைக்குக் காரணமே இந்த டால்க்தான். அம்மா புளிக்குழம்பு வைத்த கல்சட்டி மாக்கல். உடைந்த கல்சட்டித் துண்டு ஒன்றை வைத்தேன், நகத்தால் கீறினால் மாவு வரும். இரண்டு, ஜிப்சம். கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸே ஜிப்சத்தைச் சுட்டுச் செய்ததுதான். ஆனால் படிகமாக வேண்டும் என்று, காரை பக்கத்திலிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அங்கே ஓடைக்கரையில் பளபளவென்று கிடக்குமாம். கொண்டுவந்து தந்தார். மூன்று, கால்சைட், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லில் பொறுக்கியது. ஆறாம் பெட்டிக்கு கிரானைட் பட்டறையில் கிடந்த இளஞ்சிவப்புத் துண்டு. ஏழு, குவார்ட்ஸ். நம் காட்டு மேட்டில் கிடக்கிற வெங்கச்சங்கல்தான் அது. சின்ன வயதில் இரண்டை உரசி நெருப்புப் பொறி பார்க்காதவர் நம் தலைமுறையில் உண்டா?

நாலும் எட்டும் கிடைக்கவே இல்லை. பத்து, கேட்கவே வேண்டாம். வெறும் பெட்டியில் பெயர் எழுதி வைத்தேன். ஐந்தாம் பெட்டியும் வெகுநாள் காலியாகத்தான் கிடந்தது. அபடைட் எங்கே போய்த் தேடுவது? ஒருநாள் வகுப்பில், நம் பல்லின் மேற்பூச்சு அபடைட் வகைதான், அதனால் பல்லும் ஐந்தாம் நம்பர்தான் என்று சொன்னேன். மறுநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று கையைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். விழுந்த பல். சாணியில் வைத்துக் கூரைமேல் போடச் சொன்ன பாட்டிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். ஐந்தாம் பெட்டியில் இன்றைக்கும் அந்தப் பல்தான் இருக்கிறது.

இப்போது ஒன்பதாம் பெட்டி.

கொரண்டம் என்று நான் அத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய சொல் நம்முடையது. குருந்தம் அல்லது குருவிந்தம். வடமொழியிலும் குருவிந்தம் உண்டு. மாணிக்க வகைகளில் ஒன்றைக் குருவிந்தம் என்று சொல்வது நம் பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனிக்காரர்கள் தென்னிந்தியாவிலிருந்து இந்தக் கல்லை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் ராயல் சொசைட்டி வெளியீட்டில் இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1802-ல் புரட்சிக்குத் தப்பி லண்டனில் இருந்த பிரெஞ்சுப் பிரபு பூர்னோன் அதே இடத்தில் இன்னும் விரிவாக எழுதினார். கர்நாடகப் பகுதி என்று அப்போது வெள்ளைக்காரர்கள் சொன்ன நம் பக்கத்திலிருந்து வந்த குருந்தமும், அது பதிந்திருந்த பாறையும் அதில் வருகின்றன. கொஞ்ச வருஷத்தில் மோஸ் தன் வரிசையில் ஒன்பதாம் இடத்துக்கு அந்தக் கல்லையே வைத்தார். சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், மங்கலாக இருந்தால் வெறும் குருந்தம். எல்லாம் ஒரே சரக்கு.

அது நம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி. அப்போது எங்கள் சேலம் மாவட்டம், இப்போது நாமக்கல். சந்திரனில் இருக்கிற பாறைக்கு ஒத்த பாறை அங்கே இருக்கிறது என்று, சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ அங்கேயும் குன்னமலையிலும் கல் எடுத்துப் பொடித்துச் செயற்கை நிலா மண் செய்தது உங்களில் பலர் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தப் பாறைக்குள்தான் குருந்தமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சாணை பிடிக்கிறதேய்" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அந்தச் சாணைச் சக்கரத்தை அந்தக் காலத்தில் செய்தது குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கித்தான். கத்தியைத் தேய்த்தவருக்கு ஒன்பது, ஆறரையைவிடப் பெரிது என்று மோஸ் பிறப்பதற்கு முன்பே தெரியும்.

எனக்கு அந்தக் கல்லைக் கொண்டுவந்து தந்தவர் ஒரு மாணவியின் தாத்தா. வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அழுக்கு ஊதா நிறம், பீப்பாய் மாதிரி நடுவில் பருத்து, ஆறு பட்டையோடு. "மழை பேஞ்சா காட்டுல மேல வருமுங்க. எங்கப்பன் காலத்துல பொறுக்கிக் கொடுத்தா காசு குடுப்பாங்க" என்றார். வெங்கச்சங்கல்லை அதனால் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். கரும்பலகையில் ஒன்பதாவது பெயர் எழுதும்போது அதுவரை வராத ஒரு சத்தம் அன்றைக்கு வகுப்பில் வந்தது.

கீறிப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெத்தென்ற கல்லைக் கெட்டிக் கல்லில் தேய்த்தால் கெட்டிக் கல்லில் கோடு விழுந்த மாதிரி தெரியும். அது கீறல் இல்லை, மெத்தென்ற கல்லின் மாவு. எச்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாமல் நகம் தடுக்கினால்தான் கீறல். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். பொடியின் நிறம் பார்க்கக் கடையில் விற்கிற பீங்கான் தகடு வேண்டியதில்லை. உடைந்த பீங்கான் கோப்பையின் அடி வளையம் மெருகு போடாமல் இருக்கும், அதில் தேய்த்தால் போதும். கஞ்சமலை இரும்புக்கல் அதில் கறுப்புக் கோடு போடும். காந்தத்திலும் ஒட்டும்.

படிகம் வளர்ப்பதற்கும் நம் ஊரில் பாடப்புத்தகம் தேவையில்லை. பாகில் நூல் கட்டித் தொங்கவிட்டு கற்கண்டு விளைவிக்கிறவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம். அதையே படிகாரத்திலும் மயில்துத்தத்திலும் செய்தோம். சுடுநீரில் கரைகிற மட்டும் கரைத்து, ஆறவிட்டு, அடியில் விழுந்த சின்ன மணிகளில் நல்லதாக ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தூசி விழாமல் காகிதம் மூடி, ஆடாத இடத்தில் வைக்க வேண்டும். ஆடாத இடம் என்பதுதான் பள்ளிக்கூடத்தில் கஷ்டம். மயில்துத்தம் விஷம், வாயில் வைக்கக் கூடாது என்று தினமும் சொல்ல வேண்டும். வெர்னர் மாதிரி எல்லாவற்றையும் நாக்கில் வைக்கச் சொன்னால் வேலை போய்விடும். உப்பு மட்டும் விதிவிலக்கு. மர மாதிரிக்குப் பதில் உருளைக்கிழங்கு. எண்முகம் செதுக்கச் சொன்னால் அரைக் கிழங்கு வீணாகும். சத்துணவு ஆயாவிடம் நான்தான் பேச்சு வாங்குவேன்.

ரஸ்கின் என்ற பெயர் நமக்கு காந்தி வழியாகத் தெரியும், 'கடையனுக்கும் கடைத்தேற்றம்' எழுதியவர். அவர் 1866-ல் பெண் குழந்தைகளுக்குப் படிகங்களைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். விளையாட்டுத் திடலில் ஓடித் திரியும் பிள்ளைகள் அவரவர் இடத்தில் வந்து நின்று வரிசையாவதைத்தான் படிகம் உறைவதற்கு உவமை காட்டுகிறார். நாங்களும் பிரேயர் மைதானத்தில் செய்து பார்த்தோம். மெதுவாக விசில் அடித்தால் வரிசை ஒழுங்காக வரும். சட்டென்று அடித்தால் முட்டி மோதிக் கோணலாக நிற்பார்கள். மெதுவாக ஆறினால் பெரிய படிகம், சட்டென்று ஆறினால் பொடிப் படிகம் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, இதையெல்லாம் நான் ஏன் தொடங்கினேன் என்பது. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

1979. ஒன்பதாம் வகுப்பு. கார்பனேட் பாடம். சுண்ணாம்புக்கல்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்கும் என்று செய்து காட்டிவிட்டு, "நம்ம சேலத்துச் சுண்ணாம்பு மலையும் இதே கல்தான், வெள்ளைக்காரன் சும்மாவா சாக் ஹில்ஸ்னு பேர் வெச்சான்" என்று சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். செட்டிச்சாவடிப் பக்கம், அப்பா வெள்ளைக்கல் குவாரியில் வேலை. "சார், அந்தக் கல்லு பொங்காதுங்க" என்றான். எப்படித் தெரியும் என்றேன். போன வாரம் பரிசோதனைக் கூடத்தில் மிச்சமிருந்த சொட்டை அவன் பையிலிருந்த கல்மேல் விட்டுப் பார்த்தானாம்.

கேட்காமல் அமிலத்தைத் தொட்டதற்கு முதலில் திட்டினேன். பிறகு, வேறு ஏதோ கல்லை எடுத்து வந்திருப்பாய் என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். மறு வாரம் திங்கட்கிழமை மூன்று கல்லைக் காகிதத்தில் சுற்றி என் மேஜைமேல் வைத்தான். மூன்று குழியிலிருந்து எடுத்தது என்று மட்டும் சொன்னான். மூன்றிலும் அமிலம் விட்டேன். பொங்கவில்லை. "அழுக்கு படிஞ்சிருக்கும், கழுவிட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

என்ன செய்ய, அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த சுரங்கத்துறை அதிகாரி ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். அது சுண்ணாம்பே இல்லை, மாக்னசைட். கால்சியத்துக்குப் பதில் மக்னீசியம். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்கிற கல். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அநேகமாகப் பொங்காது, பொடித்துப் போட்டு அமிலத்தைச் சூடாக்கினால் பொங்கும் என்றார். சாக் ஹில்ஸில் சாக் கிடையாது. நான் கையில் பிடித்த சாக்பீஸிலும் சாக் கிடையாது, அது ஜிப்சம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை டிராயரிலிருந்து ஒரு கல்லில் கொஞ்சம் பொடித்து, சோதனைக் குழாயில் அமிலம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். மெதுவாக, சின்னச் சின்ன முத்தாகப் பொங்கியது. அப்படியே எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அவன் வரவில்லை. பத்து நாளாகவே வரவில்லையாம். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. குவாரியில் அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டதாகவும், இவன் வேலைக்குப் போவதாகவும் பிள்ளைகள் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. தாய்மாமன் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. எந்த ஊர் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கோடை விடுமுறையில்தான் தீப்பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

அவனுக்கு இப்போது அறுபது ஆகியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. செட்டிச்சாவடி, ஜாகிர் அம்மாபாளையம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது, 1979-ல் ஒன்பதாம் வகுப்போடு நின்று, மூன்று குழிக் கல்லை வாத்தியாரிடம் கொடுத்த ஆளைத் தெரிந்தால், அவன் சொன்னதுதான் சரி என்று வாத்தியார் சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள். வகுப்பிலும் சொல்லிவிட்டேன், அவன் இல்லாமல்தான்.

எண் எழுதாத பெட்டியில் இருப்பது அந்த மூன்று கல். ஒன்றில் மட்டும் ஒரு மூலை உடைந்திருக்கும், நான் பொடித்தது.